கொக்கி

மார்ச் 14, வியாழன். வாசல் அறிவிப்பில் ஒரு தவறு செய்துவிட்டேன். ‘காலமானார்’ என்பதற்குப் பதில் ‘காலமனார்’ என்று எழுதியிருக்கிறேன். ஒரு கால் விட்டுப்போயிற்று. நேற்று மாலையிலிருந்து அது அப்படியே ஒட்டியிருந்திருக்கிறது. வந்துபோனவர்கள் எல்லோரும் அதைப் படித்தார்கள். ஒருவரும் சொல்லவில்லை.

அவன் இவ்வளவு எழுதியபோதே கீழேயிருந்து கூப்பிட்டார்கள். மடக்கு நாற்காலிகள் வந்து இறங்கியிருந்தன. குறிப்பேட்டைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு போய், வண்டிகள் நிறுத்தும் இடத்தில் நாற்காலிகளை விரித்துப் போட ஆரம்பித்தான். மேலே மூன்றாம் மாடியில், முன் அறையில் அண்ணன் கிடத்தப்பட்டிருந்தார். அடக்கம் பதினொரு மணிக்கு.

தவறைக் கண்டுபிடித்தவள் அண்ணன் மகள். ஒன்றாம் வகுப்பு. காலையில் கேட்டுக்குப் பக்கத்தில் நின்று, அறிவிப்பின் மேல் விரலை ஊரவிட்டுப் படித்துக்கொண்டிருந்தாள்.

“சித்தப்பா, காலமனார்னா என்ன?”

“காலமானார்மா.”

“இல்ல. கா, ல, ம, னா, ர். கால் போடல.”

அவன் பேனாவை எடுத்து, இடமில்லாத இடத்தில் ஒரு காலை நெருக்கி நுழைத்தான். அது ஒல்லியாக, வரிசையில் இடையில் புகுந்த ஆளைப் போல நின்றது. அவள் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் படியேறினாள்.

அவனுக்கு வெட்கமாக இருந்தது. மாலை வகுப்பில் வாசிக்கக் கற்றுக்கொடுப்பவன் அவன். புதிதாகப் படிப்பவர்களுக்கு எழுத்துதான் தெரியும். படித்துப் பழகியவர்கள் சொல்லின் உருவத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துக்கொள்வார்கள் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அதை அவனும் மற்றவர்களுக்கு எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான்.

வகுப்பு நடப்பது ஓர் ஆரம்பப் பள்ளியின் அறையில். பகலில் குழந்தைகள் உட்கார்ந்த குட்டை பெஞ்சுகளில் மாலையில் பெரியவர்கள் உட்காருவார்கள். உணவகத்துச் சமையல்காரர் ஒருவர், தையல் ஆலையிலிருந்து இரண்டு பெண்கள், பணி ஓய்வு பெற்ற காவலாளி, பாதியில் பள்ளியை விட்ட பதினாறு வயதுப் பெண் ஒருத்தி. போன வருடம் அண்ணனும் வந்து சேர்ந்தார். அவருடைய முழங்கால் எந்தப் பெஞ்சுக்குக் கீழேயும் நுழையவில்லை. பக்கவாட்டில் கால்களை நீட்டி, நடைபாதையை அடைத்துக்கொண்டு உட்காருவார்.

அண்ணனுக்கு வீடு மாற்றுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கும் வேலை. ஒற்றை ஆளாக இரும்பு பீரோவை முதுகில் சாய்த்து மாடியேற்றுவார் என்பதால் லாரிக்காரர்கள் அவருக்கு ‘பீரோ’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். “சின்னவனுக்குப் படிப்பு ஏறுது, பெரியவனுக்கு மூட்டை ஏறுது. ஏதோ ஒன்னு ஏறுதில்ல,” என்று அப்பா உயிரோடு இருந்தவரை சொல்லிக்கொண்டிருந்தார். அண்ணனும் அதற்குச் சிரிப்பார். மகள் பள்ளியில் சேர்ந்த பிறகுதான் ஒருநாள், “அவ படிக்கிறப்ப நான் வாயப் பொளந்துட்டு உக்காந்திருக்கணுமாடா?” என்று கேட்டார். மறுநாள் வகுப்பு வாசலில் வந்து நின்று, தன்னைவிடப் பதினான்கு வயது சின்னவனுக்குக் கைகூப்பி, “வணக்கம் சார்,” என்றார். வகுப்பே சிரித்தது. அவனுக்குக் காது சுட்டது.

அண்ணனுடைய முன்னேற்றத்தைப் பற்றி அவனால் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. பாடத்தைக் கடகடவென்று வாசிப்பார். ஆனால் பக்கத்தைத் திருப்புவதற்கு முன்பே அடுத்த பக்கத்தின் முதல் வரியைச் சொல்லிவிடுவார். எந்த வீட்டில் எந்த அறையில் எந்த மேசை நின்றது என்று வருடக்கணக்கில் நினைவு வைத்திருக்கிற மனிதர். பாடப் புத்தகம் எம்மாத்திரம். சொல் அட்டைகளைக் கலைத்துப் போட்டால், “என்னடா சாரே, சீட்டாட்டமா? காசு வெச்சு ஆடுவோமா?” என்று பேச்சை மாற்றுவார். கொக்கி போட்ட எழுத்துகளில்தான் அவருக்கு அதிகம் தடுக்கும். ஆரம்பத்தில் ஒருமுறை ‘கதவைப் பிடி’ என்பதைக் ‘கதவைப் படி’ என்று வாசித்துவிட்டு, “கதவையும் படிக்கணுமா? தாங்காதுடா,” என்றார். “மேல இருக்கிற கொக்கியப் பாக்கணும்ணா,” என்று அவன் திருத்தினான். அதற்குப் பிறகு அந்தத் தவறு வரவில்லை. கற்றுக்கொண்டாரா, அந்த அட்டையை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டாரா என்று அவனுக்குத் தெரியவில்லை. மாதாந்திரத் தாளில் ‘படிக்கிறார்’, ‘எழுத்துக்கூட்டிப் படிக்கிறார்’, ‘உதவி தேவை’ என்று மூன்று கட்டங்கள் உண்டு. மற்ற எல்லோருக்கும் ஏதாவது ஒன்றில் குறி போடுவான். அண்ணன் பெயருக்கு நேரே பென்சிலால் ஒரு கேள்விக்குறி மட்டும் போட்டு வைத்திருந்தான்.

ஒன்பதரை மணிக்கு லாரிக்காரர்கள் வந்தார்கள். எல்லோரும் துவைத்த சட்டை போட்டிருந்தார்கள். மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்து, நாற்காலிகளில் ஓரமாக உட்கார்ந்தார்கள். அண்ணனை மருத்துவமனைக்குக் கொண்டுபோனவர் டிரைவர்தான். அவரிடம் எல்லோரும் அதையே கேட்டார்கள். அவரும் அதையே மறுபடி மறுபடி சொன்னார்.

“சோபாவத் தூக்கிட்டு இருந்தவன் அப்படியே கீழ வெச்சான். ‘அண்ணே, ஒரு மாதிரி இருக்கு’ன்னான். ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் யாரு காத்துக்கிட்டிருக்கிறது. சோபாவோட சோபாவா அவனையும் வண்டியில ஏத்திட்டேன்.”

“நல்ல காரியம் பண்ணீங்க,” என்றார் அண்ணியின் அண்ணன். குழந்தைக்கு அவர் மாமா.

“என்ன நல்ல காரியம். கேளுங்க. ஆஸ்பத்திரியில படுக்கவெச்சுத் தள்ளிட்டுப் போறாங்க. நெஞ்சப் புடிச்சிட்டு மேலயே பாத்துட்டு வர்றான். அந்தக் கண்ணாடிக் கதவுகிட்ட ஒரு நிமிசம் நிறுத்தினாங்க. மேல போர்டு. அதப் பாத்துட்டு என்கிட்ட சொல்றான், ‘அண்ணே, இங்க சிகிச்சைப் பரிவுன்னு போட்டிருக்காங்க. நல்லவங்கதான் போல. நீ போய் சோபாவ எறக்கு, வீட்டுக்காரம்மா கத்தும்’ங்கறான்.”

“பரிவா?”

“பிரிவுய்யா. தீவிர சிகிச்சைப் பிரிவு. நானும் அதத்தான் சொன்னேன். ‘பீரோ, அது பிரிவுடா’ன்னேன். ‘இல்லண்ணே, நல்லாப் பாரு, பரிவு. நான்தான் படிக்கிறேன்ல’ன்னான். அதுக்குள்ள உள்ள தள்ளிட்டுப் போயிட்டாங்க.” டிரைவர் கையை விரித்தார். “அவ்வளவுதான் பேசினது.”

இரண்டு பேர் சிரித்தார்கள். சிரித்ததும் நிறுத்திவிட்டார்கள்.

“பாவம்,” என்றார் மாமா. குரலில் குத்தல் எதுவும் இல்லை. “அவருக்கு எங்க படிக்கத் தெரியும். எதையோ பாத்து எதையோ சொல்லியிருக்காரு.”

மறுபடியும் கொக்கி என்று நினைத்துக்கொண்டான் அவன். அந்த நேரத்தில் அப்படி நினைத்ததற்காகத் தன்மீதே வெறுப்பு வந்தது. ஆனாலும் நினைவு நிற்கவில்லை. கடைசி வரை கொக்கி பிடிபடவில்லை. அப்படியானால் இத்தனை மாதமும் பாடம் முழுவதும் மனப்பாடம்தான். கேள்விக்குறிக்குப் பதில் கிடைத்துவிட்டது.

நாற்காலிக்குப் பின்னால் யாரோ அவன் சட்டையை இழுத்தார்கள். குழந்தை. எப்போது கீழே வந்தாள் என்று தெரியவில்லை.

“சித்தப்பா, அப்பாவுக்குப் படிக்கத் தெரியாதா?”

“யாரு சொன்னா?”

“மாமா இப்ப சொன்னாங்கல்ல.”

அவன் அவளைக் கூட்டிக்கொண்டு மாடிப்படி வரைக்கும் நடந்தான்.

“அப்போ தூங்கறப்ப எனக்குப் படிச்சுக் காட்டினதெல்லாம் பொய்யா?”

“எதப் படிச்சுக் காட்டினாரு?”

“ஆமைப் புத்தகம். ஆமை ஒருநாள் ஆத்துக்குப் போகும். ஒருநாள் லாரில போகும். புத்தகத்துல லாரி இருக்கா சித்தப்பா?”

அந்தப் புத்தகத்தை வாங்கிக் கொடுத்தவன் அவன்தான். அதில் லாரி இல்லை. அண்ணனுக்குப் படிக்கத் தெரியும் என்று சொல்ல வாய் வந்தது. இவள் நம்பிவிடுவாள் என்பதாலேயே சொல்ல முடியவில்லை. வருடங்கள் போனால் ஆமைப் புத்தகத்தைத் தானே எடுத்துப் படிப்பாள். லாரியைத் தேடுவாள்.

“அப்புறம் சொல்றேன்மா.”

“அப்புறம்னா எப்ப?”

“நாளைக்கு.”

அவள் வகுப்பில் வீட்டுப்பாடத்தை ஏற்றுக்கொள்வது போல அதை ஏற்றுக்கொண்டாள்.

பெட்டியை இறக்க நேரமானபோது லாரிக்காரர்கள் வேறு யாரையும் தொடவிடவில்லை. படிக்கட்டு குறுகல், இரண்டு இடத்தில் திருப்பம். தலைப்பக்கம் இரண்டு பேர், கால்பக்கம் இரண்டு பேர், கீழே ஒருவர் பின்பக்கமாக நடந்து வழி சொன்னார். “தலையக் கொஞ்சம் ஒசத்து. கைப்பிடியில படுது பாரு. மெதுவா. இப்ப வாங்க.” தினமும் சத்தமாகச் சொல்கிற வார்த்தைகளையே சன்னமாகச் சொன்னார்கள். இரண்டாவது திருப்பத்தில் சற்று நின்று மூச்சு வாங்கினார்கள். “இவன் இருந்திருந்தா ஒத்த ஆளாத் திருப்பியிருப்பான்,” என்றார் ஒருவர். சுவரில் ஒரு கீறல்கூட விழாமல் பெட்டி கீழே வந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் திரும்பிச் சாப்பிட்டுக் கலைந்த பிறகு, அண்ணி சமையலறையில் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். யார் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. அவன் துடைத்து அடுக்கினான்.

“அவ உங்ககிட்டயும் கேட்டாளாம்,” என்றாள் அண்ணி, திரும்பாமலேயே.

“ம்.”

“தெரியும்னு சொல்லிடுங்க தம்பி. நான் சொன்னா அம்மா சும்மா சொல்றான்னு நெனைப்பா. நீங்க சொன்னா நம்புவா. வாத்தியார் சொல்லு.”

“எனக்கே தெரியல அண்ணி.”

“தெரியலன்னா என்ன இப்ப. ஒரு பொய் சொன்னா என்ன கொறஞ்சு போயிடும்?”

அவன் ஒரே டம்ளரைத் துடைத்துக்கொண்டிருந்தான். அண்ணி குழாயை மூடினாள்.

“நானே கேட்டிருக்கேன் அவர. நெஜமாவே படிக்கிறீங்களா, இல்ல ஒப்பேத்துறீங்களான்னு. ‘பாதி பாதி’ன்னாரு.” ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். “எந்தப் பாதின்னு கேக்காம விட்டுட்டேன்.”

மருத்துவமனையிலிருந்து டாக்டர் கையெழுத்திட்ட தாளும், அண்ணன் உடுத்தியிருந்த உடைகளும் வாங்க வேண்டியிருந்தது. மாலையில் அவன் போனான். தரைத்தளத்து ஜன்னலில் கையெழுத்து வாங்கிக்கொண்டு தாளைக் கொடுத்தார்கள். உடைகளை, உள்ளே இருப்பது தெரியும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்தார்கள். சட்டையின் முன்பக்கம் நேராகக் கத்தரிக்கப்பட்டிருந்தது.

வேலை முடிந்துவிட்டது. வீட்டுக்குப் போகலாம். ஆனால் அவனுடைய கால்கள் வாசலுக்குப் போகாமல் நடைவழியில் உள்ளே திரும்பின. அண்ணனைத் தள்ளிக்கொண்டு போன வழி இதுவாகத்தான் இருக்க வேண்டும். கடைசியில் கண்ணாடிக் கதவு. அதற்கு மேலே நீலப் பலகை. அதில் வெள்ளை எழுத்துகளைத் தனித்தனியாக வெட்டி ஒட்டியிருந்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு. படித்தான். பிரிவுதான். பெருமூச்சு விட்டுவிட்டுத் திரும்பினான்.

நாலைந்து அடி நடந்த பிறகு நின்றான். காலையில் அறிவிப்பின் மேல் ஊர்ந்த அந்தச் சின்ன விரல் நினைவுக்கு வந்தது. எழுதியவன் அவன், ஒட்டிய பிறகு இருமுறை சரிபார்த்தவனும் அவன்.

திரும்பிப் போய்ப் பலகைக்கு எதிரே நின்றான். வகுப்பில் சொல்லிக்கொடுப்பது போல, ஆள்காட்டி விரலை நீட்டி, காற்றில் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டான். தீ. வி. ர. சி. கி. ச். சை. ப். அடுத்து வெறும் ப. அதற்கு மேல் கொக்கி இல்லை. கொக்கி இருந்த இடத்தில், வளைந்து ஏறி இறங்கும் மெல்லிய பசைத் தடம் மட்டும் நீலத்தின் மேல் பழுப்பாக ஒட்டியிருந்தது. ப. ரி. வு.

விரலை இறக்காமல் நின்றான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். மறுபடியும் அதுதான் வந்தது.

அவன் எதையும் ஒருமுறை பார்த்து நம்புகிறவன் இல்லை. தண்ணீர்ப் புட்டியோடு வந்த ஓர் அம்மாவை நிறுத்தினான். “அம்மா, கண்ணாடி எடுத்துட்டு வரல. அங்க என்ன போட்டிருக்கு?”

“தீவிர சிகிச்சைப் பிரிவு,” என்று சொல்லிவிட்டு அவள் போனாள். கோப்புகளோடு வந்த இளம் டாக்டரும் அதையே சொன்னார். அவர் தலையை நிமிர்த்தக்கூட இல்லை.

கதவருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த காவலர் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரப் பாக்கணும் தம்பி?”

“யாரையும் இல்லண்ணே. அந்த போர்டப் படிச்சுச் சொல்லுங்களேன்.”

“எதுக்குப் படிக்கணும்? எத்தன வருசமா இதுக்குக் கீழதான் உக்காந்திருக்கேன். தீவிர சிகிச்சைப் பிரிவு.”

“ஒரு தடவ பாத்துச் சொல்லுங்க.”

காவலர் முனகிக்கொண்டே எழுந்து, இரண்டடி பின்னால் வந்து, நிமிர்ந்து பார்த்தார். வாய் அசைந்தது. “அட,” என்றார். இன்னொரு முறை பார்த்தார். “பரிவுன்னுல்ல இருக்கு. எப்ப விழுந்துச்சு இது?”

எத்தனை நாளாக அப்படி இருந்ததோ தெரியாது. அந்தக் கதவு வழியாக டாக்டர்களும் நர்ஸ்களும் படித்த மனிதர்களும் போய் வந்தார்கள். அவர்கள் எல்லோருக்கும் அங்கே பிரிவுதான் இருந்தது. மனப்பாடம் செய்தவர் அந்தச் சொல்லைச் சொல்லியிருக்க முடியாது. ஊகித்தவரும் சொல்லியிருக்க முடியாது. எழுத்து எழுத்தாகப் பார்த்து, கொக்கியைத் தேடி, அது இல்லை என்று தெரிந்துகொண்டவருக்கு மட்டுமே அது பரிவு. படுத்தபடி, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு.

“நல்லவேளை சொன்னீங்க,” என்றார் காவலர். “காலையில மொத வேலையா ஒட்டச் சொல்லிடறேன்.”

“வேண்டாம்.”

அவன் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. காவலர் திரும்பிப் பார்த்தார்.

“தப்பா இருக்குன்னு நீங்கதான தம்பி காட்டினீங்க?”

“ஆமாண்ணே. ஒரே ஒரு நாள் விட்டு வைங்க. ஒருத்தருக்குக் காட்டணும். காலையில கூட்டிட்டு வந்துடறேன்.”

வகுப்பில் ஒரு புள்ளி விடுபட்டால்கூட எழுந்து போய்ப் போட்டுவிட்டு வருகிறவன், ஒரு தவறை விட்டு வைக்கச் சொல்லிக் கெஞ்சிக்கொண்டு நின்றான். காவலர் ஏதோ கேட்க வாயெடுத்தார். அவருடைய கண் அவன் கையிலிருந்த பிளாஸ்டிக் பைக்கு இறங்கியது. கத்தரித்த சட்டை வெளியே தெரிந்தது.

“ஆபீஸ் பத்து மணிக்குத்தான் தொறப்பாங்க,” என்றார். “அதுக்கு முன்னாடி நான் யாருகிட்டயும் சொல்ல முடியாது.”

வீட்டுக்குப் போனபோது குழந்தை தூங்கியிருந்தாள். அண்ணி முன் அறையில் உட்கார்ந்திருந்தாள். பெட்டி இருந்த இடம் காலியாக இருந்தது. அறை பெரிதாகத் தெரிந்தது. அவன் பையை மேசையில் வைத்தான்.

“அண்ணி, நேத்து அந்தக் கண்ணாடிக் கதவுக்கு வெளிய ரொம்ப நேரம் நின்னீங்கல்ல?”

“மத்தியானம் வரைக்கும். ஏன்?”

“மேல போர்டுல என்ன போட்டிருந்துச்சு?”

“தீவிர சிகிச்சைப் பிரிவு. வேற எதப் பாத்தேன் நான், அதையேதான் பாத்துட்டு நின்னேன்.”

அவன் சொன்னான். ஒழுங்காக, முதலிலிருந்து, டம்ளர் துடைத்தது போல ஒவ்வொன்றாகச் சொன்னான். பசைத் தடம் எப்படி வளைந்திருந்தது என்பதையும், யார் யாரிடம் கேட்டான் என்பதையும், காலையில் குழந்தையை அங்கே கூட்டிப்போகப் போவதையும் விடவில்லை. ஆமைப் புத்தகத்தில் லாரி கிடையாது என்பதையும் சொன்னான். அது அந்த இன்னொரு பாதி. அண்ணி பையைப் பிரித்துச் சட்டையை எடுத்து மடியில் வைத்து மடித்தாள். கத்தரித்த பக்கங்கள் சேரவில்லை. பிரித்து மறுபடி மடித்தாள்.

“நல்லாப் பாருன்னு சொன்னாராமே,” என்றாள்.

சட்டையைத் திரும்பப் பைக்குள் வைத்துவிட்டு, “நானும் வரேன்,” என்றாள்.

அவள் உள்ளே போனதும் அவன் மேசை விளக்கைத் தாழ்த்திக்கொண்டு குறிப்பேட்டைத் திறந்தான். நடந்ததை எழுத இரண்டு முறை முயன்றான். இரண்டு முறையும் அடித்தான். பிறகு வழக்கம்போல மறுநாள் வேலையை மட்டும் எழுதினான்.

நாளை: ஒன்பது மணிக்குள் அங்கே இருக்க வேண்டும். பலகையிலிருந்து சற்றுத் தள்ளி, குழந்தையைக் கழுத்து வலிக்காத தூரத்தில் நிற்க வைக்க வேண்டும். என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லக் கூடாது. விரலை நீட்டி, ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கச் சொல்ல வேண்டும். எங்கே தயங்கினாலும் நான் எடுத்துக்கொடுக்கக் கூடாது.